மூவாயிரத்து இருபத்தாறும் மூன்று புள்ளி மூன்றும்

ஓசூர்ப் பக்கம் மருந்து தயாரிக்கும் கம்பெனி ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். லாரியில் வந்து இறங்கும் டிரம்முக்குள் இருப்பது லேபிளில் அச்சிட்டிருக்கும் பொருள்தானா என்று சோதித்துக் கையெழுத்துப் போடுவது என் பிழைப்பு. வெள்ளைத் தூள்களில் பாதி கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது அகச்சிவப்பு நிறமாலைமானி. நாங்கள் எஃப்.டி.ஐ.ஆர். என்போம். ஒரு சிட்டிகைத் தூளை உலர்ந்த பொட்டாசியம் புரோமைடோடு அகேட் கல்வத்தில் அரைத்து, அழுத்தி, வில்லையாக்கி உள்ளே வைத்தால், அகச்சிவப்பு ஒளியில் எந்தெந்த இடத்தை அந்தப் பொருள் விழுங்குகிறது என்று கோடு போட்டுக் காட்டும். மழைக்காலத்தில் மட்டும் புரோமைடு ஈரத்தை இழுத்து வில்லை மங்கிப்போகும். அந்த நாட்களில் நான் யாரிடமும் சிரித்துப் பேசுவதில்லை.

கருவி உண்மை பேசுகிறதா என்று பார்க்கவும் ஒரு முறை உண்டு. அட்டைச் சட்டத்துக்குள் பொருத்திய மெல்லிய பாலிஸ்டைரீன் படலத்தைச் செருகி ஓட்ட வேண்டும். 3060, 1601, 1154, 1028 என்று குறித்துவைத்த எண்களில் பீக், அதாவது கோட்டின் கூர்முனை, வந்து நிற்க வேண்டும். அனுமதித்த எல்லைக்கு மேல் நகர்ந்தால் அந்தக் கருவியில் எந்த பேட்ச்சும் ஓடாது. 3060-க்குப் பக்கத்தில் 3026-இல் இன்னொரு பீக் ஆழமாக இறங்கும். பென்சீன் வளையத்தின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஹைட்ரஜன், தன் கார்பனிலிருந்து விலகியும் நெருங்கியும் அதிர்வதால் வருவது அது. 3000-க்கு மேலே வந்தால் கார்பன்கள் வளையமாகக் கோத்தது, கீழே வந்தால் சங்கிலியாகக் கோத்தது. பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லித்தரும் முதல் பாடம் இதுதான்.

அதனால்தான், ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி ஓரியன் நெபுலா என்ற வாயு, தூசு மேகத்தில் எடுத்த நிறமாலையைக் கைப்பேசியில் பார்த்தபோது, படத்தைவிட அதன் அடியில் இருந்த அளவுகோல்தான் என் கண்ணில் பட்டது. வானியல்காரர்கள் அலைநீளத்தை மைக்ரானில் எழுதுகிறார்கள். நாங்கள் ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலை அடங்கும் என்று எழுதுகிறோம். பத்தாயிரத்தை இவ்விரண்டில் ஏதாவது ஓர் எண்ணால் வகுத்தால் மற்ற எண் கிடைத்துவிடும். 3.3 மைக்ரானில் ஒரு மேடு: வகுத்தால் 3030. அடுத்தது 6.2: வகுத்தால் 1613. பிறகு 7.7, 8.6, 11.3. அவை 1300, 1163, 885. கம்பெனி பஸ் சூளகிரியைத் தாண்டுவதற்குள் எல்லாவற்றையும் வகுத்து முடித்துவிட்டேன். 3030 நான் தினமும் பார்க்கும் 3026-ஐ ஒட்டிய இடம். 1613 வளையத்துக்குள் கார்பனும் கார்பனும் இழுபடும் 1601-ஐ ஒட்டிய இடம். 1300 வருடத் தொலைவை ஒளியின் வேகத்தில் கடந்து வந்த செய்தியில், என் அட்டைச் சட்டத்துப் படலத்தின் குடும்பச் சாயல் இருந்தது.

ஒரே ஒரு வேறுபாடு. என் படலம் ஒளியை விழுங்குகிறது. அங்கே இருப்பது ஒளியை உமிழ்கிறது. எந்தப் பிணைப்பு எந்த எண்ணில் விழுங்குமோ, ஏறத்தாழ அதே எண்ணில்தான் உமிழும். சூடான மூலக்கூறாக இருந்தால் எண் சற்றுக் கீழே சரியும். அவ்வளவுதான்.

இந்த மேடுகளைக் கண்டுபிடித்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது. 1973-இல் கில்லெட், ஃபாரெஸ்ட், மெரில் மூவரும், இறுதிக் கட்டத்தில் தன் மேற்பரப்பு வாயுவை வெளியே தள்ளிவிட்ட நட்சத்திரங்களைச் சுற்றி 11.3 மைக்ரானில் ஒரு பட்டையைப் பதிவு செய்தார்கள். பிறகு மற்றவையும் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. என்ன பொருள் என்று தெரியாததால் 'அடையாளம் தெரியாத அகச்சிவப்புப் பட்டைகள்' என்றே எழுதிவந்தார்கள். எங்கள் ஆய்வகத்தில் இப்படி ஒரு தலைப்பில் ஃபைல் திறந்தால் தணிக்கைக்கு வருபவர் உயிரை எடுத்துவிடுவார். அங்கே அந்தத் தலைப்பு பத்தாண்டுக்கு மேல் ஓடியது.

பெரிய சிக்கல் வெப்பத்தில் இருந்தது. 3.3 மைக்ரானில் ஒரு பொருள் ஒளிர வேண்டுமானால் ஆயிரம் டிகிரி அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். விண்வெளித் தூசு அப்படி இல்லை. நட்சத்திரத்திலிருந்து தள்ளியிருக்கும் தூசு கடுங்குளிரில் உறைந்து கிடப்பது. போதாக்குறைக்கு, 1984-இல் கிறிஸ் செல்கிரன் சில நெபுலாக்களை அளந்து பார்த்தபோது, நட்சத்திரத்திலிருந்து விலக விலக ஒளி மங்கியதே தவிர, அதன் நிறம் மாறவில்லை. அடுப்பிலிருந்து விலகினால் சூடு குறைய வேண்டும், சூடு குறைந்தால் நிறம் மாற வேண்டும் என்பதுதான் நாம் படித்த இயற்பியல்.

விடை பொருளின் அளவில் இருந்தது. கிருஷ்ணகிரி அணையில் ஒரு குடம் வெந்நீரை ஊற்றினால் எந்த மீனுக்கும் தெரியாது. அதே குடத்தை ஒரு சொம்புத் தண்ணீரில் கலந்தால் கை வைக்க முடியாது. நட்சத்திரத்திலிருந்து வரும் ஒற்றைப் புற ஊதா ஃபோட்டான், அதாவது ஒளித்துகள்தான் அந்தக் குடம். அது சாதாரணத் தூசுத் துகளில் விழுந்தால் ஒன்றும் நடக்காது. ஐம்பது கார்பன் அணுக்கள் மட்டுமே உள்ள ஒரு மூலக்கூறில் விழுந்தால், அந்த நொடியில் அது ஆயிரம் டிகிரிக்குப் போய்விடும். வாங்கிய ஆற்றலை அதிர்வாக மாற்றி, தன் பிணைப்புகளுக்கே உரிய அலைநீளங்களில் அகச்சிவப்பாகக் கொட்டிவிட்டு மறுபடி குளிர்ந்துவிடும். பிறகு அடுத்த ஃபோட்டானுக்காகக் காத்திருக்கும். நட்சத்திரம் எட்டி இருந்தால் அடி விழுவது அரிதாகும். விழுகிற ஒவ்வொரு அடியும் அதே பலத்தோடுதான் விழும். ஒளி மங்கியும் நிறம் மாறாததன் காரணம் இதுதான்.

அப்படியொரு சிறிய, வெப்பத்தில் உடையாத, வளையங்களால் ஆன பொருள் எது? 1984-இல் பிரான்சில் லெஜேரும் பூஜேவும், 1985-இல் அமெரிக்காவில் அலமண்டோலா, டீலன்ஸ், பார்க்கர் மூவரும் ஒரே பதிலுக்கு வந்து சேர்ந்தார்கள்: பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்கள். அறுகோண வளையங்கள் பக்கம் பக்கமாக ஒட்டி, விளிம்பில் ஹைட்ரஜன் கட்டிய தட்டையான மூலக்கூறுகள். இரண்டு வளையம் ஒட்டினால் பீரோவில் துணிகளுக்கு நடுவே போடும் பாச்சை உருண்டை, அதாவது நாப்தலீன். நான்கு ஒட்டினால் பைரீன். நடுவில் ஒன்றும் சுற்றி ஆறுமாக ஏழு ஒட்டினால் கொரோனீன். தாரிலும், விறகடுப்புப் புகையிலும், ஓசூர் நெடுஞ்சாலையில் ஏற்றத்தில் முக்கிக்கொண்டு போகும் லாரிகள் விடும் கரும்புகையிலும் இந்தக் குடும்பம் முழுவதும் உண்டு. அலமண்டோலா குழு ஓரியனின் நிறமாலைக்கு அருகில் வைத்து ஒப்பிட்டதும் கார் புகைக்கரியின் ராமன் நிறமாலையைத்தான். திருச்சிராப்பள்ளியில் பிறந்தவர் கண்டுபிடித்த விளைவு இந்த வழக்கில் சாட்சியாக வந்து நின்றதில் எனக்கு ஒரு தனிப்பட்ட திருப்தி.

எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி 11.3. வளையத்து ஹைட்ரஜன் இழுபட்டு அதிர்வது 3.3 மைக்ரானில் என்றால், அதே ஹைட்ரஜன் தளத்தை விட்டு மேலும் கீழுமாக ஆடுவது 11-க்கும் 14-க்கும் இடையில். இந்த ஆட்டத்தின் எண், அதே வளையத்தில் பக்கத்தில் எத்தனை ஹைட்ரஜன் இருக்கின்றன என்பதைப் பொறுத்து மாறும். என் பாலிஸ்டைரீனில் ஒவ்வொரு வளையத்திலும் ஐந்து ஹைட்ரஜன் வரிசையாக இருக்கின்றன. அதனால் 757-இலும் 700-ஐ ஒட்டியும் இரண்டு பீக் செங்குத்தாக இறங்கும். பார்த்தவுடனே 'ஒரே இடத்தில் மட்டும் மாற்றிய பென்சீன் வளையம்' என்று சொல்லிவிடலாம். மூன்று சேர்ந்து இருந்தால் 787 பக்கம், அதாவது 12.7 மைக்ரான். தன்னந்தனியாக இருந்தால் 885 பக்கம், 11.3 மைக்ரான்.

வானத்தில் ஓங்கி நிற்பது இந்த 11.3. அப்படியானால் அங்கே தனித்த ஹைட்ரஜன்கள் மிகுதி. தாளில் வளையங்களை வரைந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். நாப்தலீனில் ஒவ்வொரு வளையத்திலும் நான்கு ஹைட்ரஜன் சேர்ந்தே இருக்கும், தனித்தது ஒன்றுகூடக் கிடையாது. கொரோனீனில் இரண்டிரண்டாக இருக்கும். தனித்த ஹைட்ரஜன்கள் மிகுந்து வர வேண்டுமானால் தகடு பெரிதாக இருக்க வேண்டும். அதன் ஓரம் குண்டும் குழியுமாக இல்லாமல் நேராக ஓட வேண்டும். இப்படித்தான், யாரும் கண்ணால் பார்க்காத மூலக்கூறுக்கு ஐம்பது, நூறு கார்பன் என்ற கணக்கும், ஓரத்தின் வடிவமும் கிடைத்தன. தூள் என்னவென்றே தெரியாமல் பீக்கை மட்டும் வைத்துக்கொண்டு அதன் கட்டமைப்பைச் சொல்லச் சொன்னால் நானும் இதே வழியில்தான் போவேன்.

6.2-உம் 7.7-உம் 11.3-ஐ விட ஓங்கினால் மூலக்கூறுகள் எலக்ட்ரானை இழந்து மின்னேற்றத்தோடு இருக்கின்றன என்று பொருள். 3.3-உம் 11.3-உம் ஓங்கினால் நடுநிலையில் இருக்கின்றன. 3.3-க்குத் தோளில் சாய்ந்தாற்போல 3.4-இல் ஒரு சின்ன மேடும் வரும். அது 3000-க்குக் கீழே, சங்கிலிப் பக்கம். கடும் புற ஊதா அடிக்கும் இடத்தை நோக்கிப் போகப் போக அது தேய்கிறது. சங்கிலிப் பிணைப்புகள் முதலில் அறுந்து, வளையங்கள் மிஞ்சுகின்றன. ஓரியனில் வெப் எடுத்த நிறமாலையில் இந்தத் தேய்மானத்தைப் படிப்படியாகப் பார்க்க முடிகிறது.

எங்கள் கருவியின் அறைக்குள் குனிந்து மூச்சு விட்டால் போதும், 2350-இல் கார்பன் டை ஆக்சைடின் இரட்டைப் பீக் திரையில் வந்துவிடும். 1400-க்கும் 1900-க்கும் இடையே காற்றின் நீராவி முள்முள்ளாய்க் கீறும். அதனால்தான் மாதிரியை வைப்பதற்கு முன் வெறும் காற்றை ஒருமுறை ஓட்டிக் கழித்துக்கொள்கிறோம். தரையிலிருந்து வானத்தைப் பார்ப்பவர்களுக்கும் இதே நீராவிதான் எதிரி. 11.3 தப்பித்து வந்துவிடும், 6.2 தரைக்கு வந்து சேராது. அதைப் பிடிக்க, 0.9 மீட்டர் தொலைநோக்கியைச் சுமந்துகொண்டு 12 கிலோமீட்டருக்கு மேல் பறந்த கைப்பர் விமான ஆய்வகம் தேவைப்பட்டது. அதில்தான் 1977-இல் 6.2-உம் 7.7-உம் தெளிவாகப் பதிவாயின.

நம் பக்கத்திலேயே காவலூர் இருக்கிறது. வாணியம்பாடி போய் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறினால், 1986 முதல் இயங்கும் 2.3 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி. ஒரு சனிக்கிழமை மாலை போயிருக்கிறேன். அந்தப் பெரிய ஆடியின் அடியில் நின்றபோது, இதைக் கொண்டு ஏன் இந்தப் பட்டைகளைப் பார்ப்பதில்லை என்று யோசித்தேன். விடை எளிதுதான். நம் ஊர் வெப்பத்தில் இருக்கும் எந்தப் பொருளும் 10 மைக்ரானை ஒட்டித்தான் அதிகமாக ஒளிரும். ஆடி, கூரை, மேலே உள்ள காற்று, பக்கத்தில் நிற்கும் நான் எல்லாமே விளக்குகள். வெப்பின் நடு அகச்சிவப்புக் கருவியை மைனஸ் 266 டிகிரிக்குக் குளிர்வித்து, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தியிருப்பது இதற்காகத்தான்.

ஊத்தங்கரையிலிருந்து வந்து எங்களிடம் பயிற்சியில் சேர்ந்திருக்கும் பெண்ணிடம் இதையெல்லாம் ஒரு மதியம் சொல்லிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "எல்லாம் சரி அக்கா, ஆனால் ஸ்டாண்டர்டு எங்கே?"

சரியான இடத்தில் கை வைத்துவிட்டாள். எங்கள் வேலையில், சான்றளித்த தூய மாதிரியின் நிறமாலையும் வந்த சரக்கின் நிறமாலையும் 1500-க்குக் கீழே உள்ள கைரேகைப் பகுதியில் பீக்குக்குப் பீக் பொருந்தினால்தான் சரக்கு தேறும். வானத்தில் இருப்பது நூற்றுக்கணக்கான மூலக்கூறுகளின் கலவை. ஒவ்வொன்றின் கைரேகையும் மற்றதன் மேல் விழுந்து குழம்பி, எல்லாவற்றுக்கும் பொதுவான பட்டைகள் மட்டும் மிஞ்சுகின்றன. குடும்பம் தெரிகிறது, ஆள் தெரியவில்லை. இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் சன் குவோக்கும் யோங் ஜாங்கும் 2011-இல் வேறொரு வாதத்தை வைத்தார்கள்: தனித்தனி மூலக்கூறுகள் வேண்டாம், வளையத் தீவுகளும் சங்கிலித் துண்டுகளும் ஒழுங்கில்லாமல் பின்னிய நுண்துகள்களே இந்தப் பட்டைகளைத் தர முடியும் என்று. பெரும்பாலானவர்கள் இதை ஏற்கவில்லை. நானும் ஏற்கவில்லை, 3.4-இன் மேடு அத்தனை சிறிதாக இருப்பது அவர்கள் பக்கம் பேசவில்லை. ஆனால் ஸ்டாண்டர்டு கேட்கிற உரிமை அவர்களுக்கு உண்டு.

ஸ்டாண்டர்டோடு பொருந்திய ஒன்றும் இருக்கிறது. அறுபது கார்பன்களால் ஆன பந்து வடிவ மூலக்கூறு, சி-60. அதன் சமச்சீர் காரணமாக அகச்சிவப்பில் நான்கே பீக்: 7.0, 8.5, 17.4, 18.9 மைக்ரான். 2010-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் தரவில், டிசி-1 என்ற நெபுலாவில் இவை அப்படியே இருந்ததை ஜான் காமி குழு காட்டியது. அதை என் மேசைக்குக் கொண்டுவந்தால் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவேன்.

மற்றவர்களின் பெயர் வேறு வாசலில் கிடைத்தது. மூலக்கூறு சுழலும்போது வரும் ரேடியோ கோடுகள் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆனால் பென்சீன், பைரீன், கொரோனீன் போன்ற சமச்சீரானவற்றில் மின்னேற்றம் ஒரு பக்கமாகச் சாய்வதில்லை, அதாவது மின் இருமுனை கிடையாது. அதனால் ரேடியோவில் ஊமை. ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு, கார்பனும் நைட்ரஜனும் சேர்ந்த சயனோ தொகுதியை மாட்டினால் பேசத் தொடங்கிவிடும். அப்படித் தேடியதில் ரிஷபத்தில் இருக்கும் டி.எம்.சி.-1 என்ற குளிர்ந்த மேகத்தில் 2018-இல் பென்சோநைட்ரைல் சிக்கியது. கிரீன் பேங்க் ரேடியோ தொலைநோக்கியில் பிரெட் மெக்குவயர் குழு பிடித்தது. 2021-இல் சயனோநாப்தலீன், 2024-இல் சயனோபைரீன், 2025-இல் சயனோகொரோனீன். பட்டியல் நீள்கிறது. பத்து டிகிரி கெல்வினில் கிடக்கும் மேகத்துக்குள் ஏழு வளையம் எப்படிச் சேர்ந்தது என்பது வேதியியல் படித்தவர்களுக்கு உறக்கம் கெடுக்கும் கேள்வி. கொரோனீனை நாங்கள் படித்ததெல்லாம் உலையின் சூட்டோடு சேர்த்துத்தான்.

தூரத்தைப் பற்றியும் ஒரு வரி. 2023-இல் எஸ்.பி.டி.0418-47 என்ற விண்மீன் மண்டலத்தில் வெப் இதே 3.3-ஐக் கண்டது. பிரபஞ்சத்துக்கு 150 கோடி வயதுகூட ஆகாதபோது புறப்பட்ட ஒளி. பிரபஞ்சம் விரிந்ததில் அது 17.2 மைக்ரானாக நீண்டு வந்து சேர்ந்தது. நீண்டது 5.2 மடங்கு, அதனால் வகுத்தால் 3.3.

இந்தச் செய்திகள் நாளிதழில் வரும்போது 'விண்வெளியில் உயிரின் விதை' என்று தலைப்புப் போடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வரும். அஞ்செட்டிப் பக்கத்தில் என் பாட்டி வீட்டு அடுப்படிச் சுவரில் தலைமுறை தலைமுறையாகப் படிந்த கரியில் இந்த மூலக்கூறுகள் அடை அடையாக இருந்தன. அதிலிருந்து ஒரு புழுகூடப் பிறந்ததில்லை. பென்சோபைரீன் போன்ற சில உறுப்பினர்கள் புற்றுநோயைத்தான் தருவார்கள். விண்வெளியில் உள்ள கார்பனில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இந்தக் குடும்பத்தில் அடங்கியிருக்கக்கூடும் என்ற மதிப்பீடு எந்தத் தலைப்பையும்விட எனக்குப் பெரிதாகப் படுகிறது. தை மாத இரவில் அந்த ஊர் வாசலில் கட்டிலைப் போட்டுப் படுத்தால், வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஓரியன் நெபுலா புகை படிந்தாற்போல வெறும் கண்ணுக்கே தெரியும்.

கையில் எடுத்துச் சோதிக்கக் கூடிய மாதிரியும் இப்போது வந்துவிட்டது. ஜப்பானின் ஹயபுசா-2 ரியுகு என்ற சிறுகோளிலிருந்து அள்ளிய மண்ணை 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இறக்கியது. அதிலிருந்த வளைய மூலக்கூறுகளில் கனமான கார்பன்-13 ஐசோடோப்பு இரண்டு ஒன்றாகச் சேர்ந்திருக்கும் விகிதத்தை அளந்தார்கள். குளிரில் உருவானதென்றால் அந்த விகிதம் ஏறும். 2023 முடிவில் வெளியான ஆய்வின்படி நாப்தலீன், ஃப்ளுவோராந்தீன், பைரீன் மூன்றும் விண்மீன்களுக்கிடையே உள்ள குளிர்ந்த மேகத்தில் உருவானவை. ஃபினாந்த்ரீனும் ஆந்த்ரசீனும் சூட்டில் உருவானவை. ஒரே மண்ணில் இரண்டு பிறப்பு.

ஊத்தங்கரைப் பெண்ணுக்கு ஐசோடோப்பில் ஆர்வமில்லை. மொத்தம் எவ்வளவு மாதிரி கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். 5.4 கிராம் என்றேன். கன்ட்ரோல் சாம்பிளாக நாம் அலமாரியில் எடுத்துவைப்பதே அதைவிட அதிகம் அக்கா என்று சொல்லிவிட்டுக் கல்வத்தைக் கழுவப் போய்விட்டாள்.